ரிப்போர்ட்டில் 6.2 என்று வந்தவர்களுக்கு



மாஸ்டர் செக்கப்புக்கென்றோ, முடி கொட்டுகிறதென்றோ, கொஞ்ச நாளாக அசதியாக இருக்கிறதென்றோ லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, மாலையில் கைப்பேசிக்கு வந்த ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். என்ற ஒரே ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த மடல். 5.4, 6.2, 7.8 என்று ஏதோ ஓர் எண். அதன் பக்கத்தில் லேப் அச்சிட்டிருக்கும் மேல் எல்லை 4.2 அல்லது 4.5. அதே தாளில் டி-4 என்று இன்னொரு வரியும் இருக்கிறது. அது சரியான அளவுக்குள் இருக்கிறது என்பதாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை. மறுநாள் 25 அல்லது 50 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரை வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும் என்ற சொல்லும் அதோடு சேர்ந்தே வருகிறது. அன்று முதல் உறவினர்களிடம் 'எனக்கும் தைராய்டு வந்துவிட்டது' என்று சொல்லத் தொடங்குகிறீர்கள். எல்லோர் கழுத்திலும் பிறவியிலேயே இருக்கிற ஒரு சுரப்பியின் பெயர், நம் பேச்சில் நோயின் பெயராகவே மாறிப்போயிருக்கிறது. உங்களிடம் நான் சொல்ல வருவது இதுதான்: டி-4 சரியாக இருந்து, டி.எஸ்.எச். மட்டும் 10-க்குக் கீழே சற்றுக் கூடியிருக்கும் பெரும்பாலானவர்களுக்கு அந்த எண்ணை வைத்து மட்டும் ஆயுள் மாத்திரையைத் தொடங்கக் காரணம் இல்லை. முதலில் இரண்டாவது சோதனை வேண்டும். அதிலும் அப்படியே வந்தால்கூட, நீங்கள் எதிர்பார்க்கிற தெம்பை அந்த மாத்திரை தருவதற்கான சான்று மிகக் குறைவு. கர்ப்பிணிகளும் கருத்தரிக்க முயல்பவர்களும் இதில் சேரமாட்டார்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடவும் கூடாது. அவர்களைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த எண் எதை அளக்கிறது என்று பார்ப்போம். டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதில்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. தைராய்டு பெரும்பாலும் டி-4 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. நான்கு அயோடின் அணுக்களைத் தாங்கிய அந்த ஹார்மோனிலிருந்து கல்லீரல், சிறுநீரகம், தசை போன்ற திசுக்கள் ஓர் அணுவைக் கழற்றி டி-3 ஆக்கிக்கொள்கின்றன. இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும், உடல் எவ்வளவு வெப்பத்தை உண்டாக்க வேண்டும், குடல் எவ்வளவு சுறுசுறுப்பாக அசைய வேண்டும் என்பதையெல்லாம் செல்லுக்குள் நுழைந்து நிர்ணயிப்பது இந்த டி-3. ரத்தத்தில் இந்த ஹார்மோன் துளி குறைந்தாலும் பிட்யூட்டரி உடனே குரலை உயர்த்தும்; கூடினால் தாழ்த்தும். இந்த உறவு ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இல்லை. டி-4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறத்தாழ நூறு மடங்குவரை ஏறக்கூடும். அதனால்தான் மருத்துவர்கள் டி.எஸ்.எச்.-ஐ முதலில் கேட்கிறார்கள். நோயின் மிக ஆரம்பத்தையும் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அவ்வளவு நுட்பமான கருவி, நோயே இல்லாத சின்ன அசைவையும் பெரிதாக்கித்தான் காட்டும். 2 என்பது 6 ஆனால் மூன்று மடங்கு ஏறிவிட்டதே என்று நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அதற்குப் பின்னால் இருக்கும் டி-4 குறைவு மிகச் சிறியதாக இருக்கலாம். பிட்யூட்டரி சற்று உரக்கப் பேசியது, தைராய்டு அதைக் கேட்டு வேலையைச் செய்துவிட்டது, உடலுக்கு வேண்டிய ஹார்மோன் கிடைத்துவிட்டது. தாளில் டி-4 சரியாக இருப்பதன் பொருள் அதுதான். இந்த நிலையை மருத்துவத்தில் சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம் என்கிறார்கள். நோய் வெளிப்படாத நிலை என்று சொல்லலாம்.

மேல் எல்லை என்று லேப் அச்சிடும் எண் வானத்திலிருந்து இறங்கியது அல்ல. நலமாக இருக்கும் பல நூறு பேரின் டி.எஸ்.எச்.-ஐ அளந்து, இரண்டு ஓரங்களிலும் இரண்டரை இரண்டரை சதவீதத்தை வெட்டிவிட்டு, நடுவில் மிஞ்சும் 95 சதவீதத்தை 'சரியான அளவு' என்று வைக்கிறார்கள். அதாவது எந்த நோயும் இல்லாதவர்களிலேயே நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பார்கள் என்பது கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. அந்தக் கோடும் எல்லா வயதுக்கும் ஒன்றல்ல. அமெரிக்காவில் தேசிய அளவில் திரட்டிய தரவுகளை வயதுவாரியாகப் பிரித்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், தைராய்டு நோய் இல்லாத இருபதுகளில் உள்ளவர்களின் மேல் எல்லை 3.56, எண்பதைத் தாண்டியவர்களின் மேல் எல்லை 7.49. எண்பதைத் தாண்டிய பாட்டிக்கும் அவர் பேத்திக்கும் லேப் ஒரே கோட்டைத்தான் போடுகிறது. பாட்டியின் 6.2 வயதுக்கு ஏற்ற இயல்பான எண்ணாகவே இருக்கலாம். உடல் எடை கூடியவர்களுக்கு டி.எஸ்.எச். சற்று உயர்ந்திருக்கும், எடை குறைந்தால் அதுவும் இறங்கும். இரவில் அது ஏறும், பகல் ஏற ஏறத் தாழும். எனவே காலை ஏழு மணிக்குக் கொடுத்த ரத்தமும் பிற்பகலில் கொடுத்த ரத்தமும் ஒரே எண்ணைத் தராது. கடுமையான காய்ச்சலிலிருந்தோ வேறு நோயிலிருந்தோ தேறி வரும் வாரங்களில் அது தற்காலிகமாக எகிறும். முடிக்கும் நகத்துக்கும் என்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரை சில லேப் கருவிகளையே ஏமாற்றிவிடும், பெரும்பாலும் டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும் டி-4-ஐக் கூட்டியும் காட்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் சாப்பிடுகிறவர்தான் தைராய்டு சோதனைக்கும் போகிறார் என்பதால் இது நினைப்பதைவிட அதிகமாக நேரக்கூடியது. இத்தனையும் சேர்ந்து என்ன ஆகிறது என்பதை இஸ்ரேலில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சோதனைகளை ஐந்தாண்டு பின்தொடர்ந்து 2007-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது: மருந்து எதுவும் எடுக்காமலே, முதல் சோதனையில் 5.5-க்கும் 10-க்கும் இடையில் இருந்தவர்களில் 62 சதவீதத்தினருக்கு மறுசோதனையில் எண் இயல்புக்குத் திரும்பியிருந்தது. முதல் சோதனையன்றே இவர்களுக்கு மாத்திரை கொடுத்திருந்தால், எண் இறங்கியதற்கு மாத்திரைதான் காரணம் என்று அவர்களும் நம்பியிருப்பார்கள், மருத்துவரும் நம்பியிருப்பார். ஆயுசுக்கும் விடவும் மாட்டார்கள்.

தைராக்சினைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் மிகச் சிறந்த வெற்றிகளில் ஒன்று அது. 1891-ல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் ஜார்ஜ் முர்ரே என்ற இளம் மருத்துவர், முகம் வீங்கி, தோல் தடித்து, பேச்சும் நினைவும் மந்தமாகிப்போன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகச் செலுத்தினார். அந்தப் பெண் தேறினார். பின்னர் அந்தச் சாற்றை வாய்வழியாகவே எடுத்துக்கொண்டு 1919 வரை, 74 வயதுவரை வாழ்ந்தார். அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு செலவானது என்று முர்ரேயே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். 1914 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டல் அந்த ஹார்மோனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1927-ல் பிரிட்டனில் சார்லஸ் ஹாரிங்டனும் ஜார்ஜ் பார்ஜரும் அதை ஆய்வகத்திலேயே உருவாக்கினார்கள். இன்று மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் வெள்ளை மாத்திரையின் பின்னால் இத்தனை இருக்கிறது. சுரப்பி அழிந்துபோனவருக்கு, அறுவையில் எடுத்துவிட்டவருக்கு, தைராய்டு இல்லாமலே பிறந்த குழந்தைக்கு அது உயிர் கொடுக்கும் மருந்து. பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்களுக்குள் அது கிடைப்பதும் கிடைக்காததும் அந்தக் குழந்தையின் அறிவு வளர்ச்சியையே தீர்மானித்துவிடும். ஹார்மோன் இல்லாத உடலுக்கு ஹார்மோனைக் கொடுத்தால் நடக்கிற அற்புதத்தை, ஹார்மோன் போதுமான அளவில் இருக்கிற உடலிலும் எதிர்பார்ப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

எதிர்பார்ப்பு நியாயம்தானா என்பதை ஊகத்துக்கு விடாமல் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 737 பேரைக் கொண்டு நடந்த 'டிரஸ்ட்' ஆய்வு 2017-ல் வெளிவந்தது. எல்லோருக்கும் டி.எஸ்.எச். தொடர்ந்து உயர்ந்திருந்தது, சராசரி 6.4; டி-4 சரியாக இருந்தது. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குத் தைராக்சின், பாதிப் பேருக்கு அதே போலத் தோற்றமளிக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. ஓராண்டு கழித்து, தைராக்சின் சாப்பிட்டவர்களின் சராசரி எண் 3.63-க்கு இறங்கியிருந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 5.48. தாளில் நல்ல வித்தியாசம். ஆனால் அசதி எவ்வளவு, தைராய்டு குறைபாட்டின் அறிகுறிகள் எவ்வளவு என்று கேட்டு மதிப்பெண் போட்டபோது இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. மாத்திரை எண்ணைச் சரிசெய்தது. ஆளுக்கு ஒன்றும் செய்யவில்லை. முதியவர்கள்தானே என்று தள்ளிவிடலாம் என்றால், அடுத்த ஆண்டு 21 சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 2,192 பேரையும் ஒன்றுசேர்த்து அலசிய ஆய்வு இதையேதான் சொன்னது: கர்ப்பிணிகள் நீங்கலான பெரியவர்களுக்கு வாழ்க்கைத் தரத்திலும் அறிகுறிகளிலும் பலன் தெரியவில்லை. இவற்றையெல்லாம் எடைபோட்டு 2019-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் நோயாளிகளும் சேர்ந்த குழு ஒன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. இந்த நிலையில் உள்ள பெரியவர்களுக்குத் தைராக்சின் வேண்டாம் என்று அது உறுதியாகவே பரிந்துரைத்தது. கர்ப்பிணிகள், கருத்தரிக்க முயலும் பெண்கள், டி.எஸ்.எச். 20-ஐத் தாண்டியவர்கள், அறிகுறிகள் கடுமையாக உள்ளவர்கள், முப்பது வயதுக்கு உட்பட்ட இளையோர் ஆகியோருக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்று அவர்களே எல்லையும் வகுத்தார்கள். வேறு பல வழிகாட்டுதல்கள் 10-ஐத் தாண்டினாலே மருந்தைப் பரிசீலிக்கச் சொல்கின்றன. அந்த வேறுபாட்டில் நியாயம் இருக்கிறது, அதில் நான் தலையிடவில்லை. 10-க்குக் கீழே, டி-4 சரியாக இருப்பவர்களைப் பற்றித்தான் என் பேச்சு.

'ஆனால் எனக்கு உண்மையிலேயே அசதியாக இருக்கிறதே' என்பீர்கள். உங்கள் அசதியை நான் மறுக்கவில்லை, அது உண்மை. அதற்குக் காரணம் 6.2 தானா என்பதுதான் கேள்வி. அசதி, முடி உதிர்வு, மறதி, மலச்சிக்கல், உடல் எடை ஆகிய புகார்கள் டி.எஸ்.எச். சரியாக இருப்பவர்களிடமும் ஏராளமாக இருக்கின்றன. நம் ஊரைப் பாருங்கள். 2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. இரண்டில் ஒரு பெண்ணுக்கு மூச்சு வாங்கவும் முடி கொட்டவும் இது ஒன்றே போதும். அசதி என்று போன பெண்ணின் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 9 என்று இருக்க, அதை விட்டுவிட்டு 6.2-ஐப் பிடித்துக்கொள்வது பெரிய அநியாயம். இரும்புச்சத்து, பி-12, சர்க்கரை, தூக்கம், வீட்டிலும் வேலையிலும் சுமக்கிற பாரம், மனச்சோர்வு என்று தேடிப் பார்க்க வேண்டிய இடங்கள் பல. மாத்திரை கிடைத்ததும் தேடல் நின்றுபோகிறது. தேவையில்லாத தைராக்சினின் முதல் கெடுதல் இதுதான் என்பது என் எண்ணம்: அசதிக்கு ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது, உண்மையான காரணத்தை அதற்குப் பிறகு யாரும் தேடுவதில்லை. எடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தைராய்டு கடுமையாகக் குறைந்தவர்களுக்கே அந்தக் குறைவால் கூடுவது பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோவரைதான், அதிலும் பெரும்பகுதி உடலில் தேங்கும் உப்பும் நீரும். இருபது கிலோவுக்கு 6.2 பொறுப்பாகாது. எடை குறைப்பதற்காகத் தைராக்சினின் அளவைக் கூட்டிக்கொள்வது ஆபத்து. கரைவது கொழுப்போடு தசையும் எலும்பும்தான்.

'இன்றைக்கு 6, நாளைக்கு 60 ஆகிவிட்டால்? முளையிலேயே கிள்ளிவிடுவது நல்லதுதானே?' இது நல்ல கேள்வி, இதற்குப் பதிலும் இருக்கிறது. இங்கிலாந்தின் விக்கம் வட்டாரத்தில் 1972-ல் தொடங்கி மக்களை இருபது ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வில், டி.எஸ்.எச். உயர்ந்திருந்ததோடு தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடியும் ரத்தத்தில் இருந்த பெண்களில் ஆண்டுக்கு 4.3 சதவீதத்தினர் முழு நோய்க்குச் சென்றார்கள். டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்திருந்தவர்களில் ஆண்டுக்கு 2.6 சதவீதம். அதாவது ஆன்டிபாடி உள்ளவர்களிலும் ஓராண்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் அங்கேயே நிற்கிறார்கள். இந்தியாவில் சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,376 பெரியவர்களைச் சோதித்து 2013-ல் வெளிவந்த ஆய்வில் 8.02 சதவீதத்தினர் சப்கிளினிக்கல் நிலையில் இருந்தார்கள், 21.85 சதவீதத்தினருக்கு ஆன்டிபாடி இருந்தது. ஐந்தில் ஒருவரிடம் இருக்கும் ஒன்று, அவர்கள் எல்லோரும் நோயாளி ஆகப்போகிறார்கள் என்பதன் அறிவிப்பாக இருக்க முடியாது. அடுத்த சோதனையை எப்போது செய்ய வேண்டும் என்று தீர்மானிக்க அது உதவும். 'முளையிலேயே கிள்ளுவது' என்ற வாதம் இங்கே நிற்காது, ஏனென்றால் தைராக்சின் எதையும் கிள்ளுவதில்லை. சுரப்பியைத் தாக்கும் எதிர்ப்பாற்றலை அது தடுப்பதில்லை. குறைகிற ஹார்மோனை ஈடுசெய்கிறது, அவ்வளவுதான். குறையும்போது ஈடுசெய்தால் போதும். ஆண்டுக்கு ஒரு முறை, ஆன்டிபாடி இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டு, உண்மையிலேயே ஏறினால் அன்றைக்குத் தொடங்கலாம். காத்திருந்ததால் இழப்பு ஏதும் இல்லை.

'சின்ன மாத்திரைதானே, என்ன கெட்டுவிடப் போகிறது?' என்று கேட்பவர்களே அதிகம். விலை குறைவு, பழகிய மருந்து, வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் போன தைராக்சின் இதயத்தையும் எலும்பையும் தொடுகிறது. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊரில் அறுபது வயதைத் தாண்டிய 2,007 பேரைப் பத்து ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 1994-ல் வெளிவந்தது. டி.எஸ்.எச். மிகவும் தாழ்ந்திருந்தவர்களில் 28 சதவீதத்தினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான இதயத் துடிப்பு வந்தது. இயல்பாக இருந்தவர்களில் 11 சதவீதத்தினருக்குத்தான். அந்தத் துடிப்பு பக்கவாதத்துக்கு வழி திறக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிவும் கூடும். சரியான அளவைக் கொடுத்தால் இதெல்லாம் வராதே என்பது உண்மை. ஆனால் சரியான அளவில் வைத்திருப்பது நாம் நினைப்பது போல எளிதல்ல. அமெரிக்காவின் கொலராடோவில் 25,862 பேரைச் சோதித்து 2000-ல் வெளிவந்த ஆய்வில், தைராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் 60 சதவீதத்தினருக்குத்தான் எண் சரியான அளவுக்குள் இருந்தது. மற்றவர்கள் கூடுதலாகவோ குறைவாகவோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேவையுள்ளவருக்கு இந்த ஆபத்தை ஏற்பதில் அர்த்தம் இருக்கிறது, ஈடாகப் பெரிய பலன் கிடைக்கிறது. பலனே இல்லாதவர் எதற்காக ஏற்க வேண்டும்? அமெரிக்காவில் 2008 முதல் 2018 வரை புதிதாகத் தைராக்சின் தொடங்கியவர்களில், டி.எஸ்.எச்., டி-4 இரண்டும் சோதித்துப் பார்த்திருந்தவர்களை மட்டும் எடுத்து ஆராய்ந்தபோது, வெளிப்படையான தைராய்டு குறைபாடு 8.4 சதவீதத்தினருக்கு மட்டுமே இருந்தது. 61 சதவீதத்தினர் சப்கிளினிக்கல். மீதி முப்பது சதவீதத்தினருக்கு எல்லாமே இயல்பு.

கர்ப்பிணிகளின் நிலை முற்றிலும் வேறு. கருவின் தைராய்டு சொந்தமாகச் சுரக்கத் தொடங்க ஏறத்தாழ பன்னிரண்டு வாரம் ஆகும், முழுமையாக இயங்க இன்னும் நாளாகும். அதுவரை குழந்தையின் மூளை வளர்வது தாயின் டி-4-ஐக் கொண்டுதான். மேலே சொன்ன 'பொறுத்துப் பார்க்கலாம்' என்ற பேச்சைக் கருத்தரித்திருப்பவரும் கருத்தரிக்க முயல்பவரும் தங்களுக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கர்ப்பகாலத்துக்கான எல்லையே தனி. மகப்பேறு மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். ஏற்கெனவே தைராக்சின் சாப்பிடுகிற பெண்ணுக்குக் கர்ப்பம் உறுதியானதும் பெரும்பாலும் அளவைக் கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ கூட்ட வேண்டியிருக்கும். அடுத்த மாதச் செக்கப்வரை காத்திருக்க வேண்டிய செய்தி அல்ல அது. கர்ப்பத்தில் மருந்து சாப்பிட்டால் குழந்தைக்கு ஆகாது என்று யார் சொன்னாலும் தைராக்சினை நிறுத்தாதீர்கள்.

இப்போது, ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு. அறுவையிலோ அயோடின் கதிர்வீச்சு மருந்திலோ சுரப்பியை இழந்தவர், தொடக்கத்தில் டி.எஸ்.எச். 40, 80 என்று இருந்து டி-4 குறைந்திருந்தவர், பிறவியிலேயே குறைபாடு உள்ளவர், பிட்யூட்டரி பழுதானவர் ஆகியோருக்கு இந்த மாத்திரை உணவைப் போல. எண் இப்போது சரியாக இருப்பது மாத்திரையால்தான். சரியாகிவிட்டது என்று நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே போய்விடும். தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும் என்பதால் நிறுத்திய முதல் சில நாட்களில் ஒன்றும் தெரியாது. அந்த அமைதியை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆனால் ஏன் தொடங்கினோம் என்பதே நினைவில்லாமல், பத்து வருடத்துக்கு முன் ஒரே ஒரு சோதனையில் 5.8 வந்ததென்று 25 மைக்ரோகிராமில் தொடர்கிறவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். மருத்துவரிடம் 'இது இன்னும் வேண்டுமா, நிறுத்திப் பார்க்கலாமா?' என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்தி, ஆறு முதல் எட்டு வாரம் கழித்துச் சோதிப்பது நடைமுறையில் உள்ள வழிதான். அப்படி நிறுத்திய பலரைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மாத்திரை இல்லாமலே இயல்பாக இருந்தார்கள். மூன்றில் இருவருக்கு மாத்திரை தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே படியுங்கள்; தானாக நிறுத்தக் கூடாது என்று நான் சொல்வதன் காரணம் அதுதான். இன்னொன்று: 'தைராய்டு மாத்திரை' என்று நாம் ஒரே பெயரில் அழைப்பவற்றில் நேர் எதிரான இரண்டு மருந்துகள் இருக்கின்றன. உங்கள் அட்டையில் கார்பிமசோல் என்று இருந்தால் உங்களுக்கு ஹார்மோன் கூடுதல். இந்த மடலில் சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அந்த மருந்து எடுக்கும்போது காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் அரிதாக வெள்ளணுக்கள் சரிந்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்தச் சோதனைக்குப் போக வேண்டும்.

தேவைப்பட்டுச் சாப்பிடுகிறவர்களில் பலருக்கு எண் இறங்காமல் இருப்பதற்குக் காரணம் மாத்திரையின் பவர் குறைவு என்பதைவிட, அது குடலில் ஏறாததுதான். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. மாத்திரையை விழுங்கிய கையோடு டிகாஷன் காபியைக் குடிப்பது நம் வீடுகளில் நடக்கிற வழக்கம். அந்தக் காபி மருந்தின் ஒரு பங்கைக் குடலிலேயே நிறுத்திவிடும். இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் நான்கு மணி நேரம் தள்ளித்தான் இருக்க வேண்டும். ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் சேர்ந்திருக்கிற பெண்களுக்குக் காலையில் எல்லா மாத்திரைகளையும் ஒன்றாக விழுங்கும் பழக்கமே எதிரி. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் சோயாவும் இதே வேலையைச் செய்யும். காலையில் முடியவே முடியாது என்றால், இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது எடுக்கலாம். அது சமமாகவோ சற்று நன்றாகவோ வேலை செய்வதாகச் சோதித்தே சொல்லியிருக்கிறார்கள். ஒரே கம்பெனியின் மாத்திரையையே தொடர்ந்து வாங்குவது நல்லது. மாற்ற நேர்ந்தால் ஆறு வாரம் கழித்து ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள்.

கையில் 6.2-ஓடு இருக்கும் உங்களுக்கு: இரண்டு மூன்று மாதம் கழித்து, பயோட்டின் சாப்பிடுகிறீர்கள் என்றால் சோதனைக்கு இரண்டு நாள் முன்னதாகவே நிறுத்திவிட்டு, அதே லேபில், அதே காலை நேரத்தில் டி.எஸ்.எச்.-ஐயும் ஃப்ரீ டி-4-ஐயும் மறுபடி பாருங்கள். அதற்குள் காய்ச்சல் ஏதாவது வந்து போயிருந்தால் இன்னும் சில வாரம் தள்ளிப் போடலாம். கூடவே ஹீமோகுளோபினையும் பாருங்கள். ஒரு முறை ஆன்டிபாடி சோதனை செய்தால் போதும், ஒவ்வொரு முறையும் அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், மாத்திரை எழுதினால், 'டி-4 சரியாகத்தானே இருக்கிறது, எதற்காகத் தொடங்குகிறோம், எப்போது நிறுத்திப் பார்ப்போம்?' என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல மருத்துவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.